பொட்டாஷ் மூட்டையில் ஒரு கனடா

"சார், கனடாவுல பங்கு வாங்குறதுன்னா யாரைப் பாக்கணும்?"

காலை ஏழரை மணிக்கு இந்தப் போன் வந்தபோது என் வாயில் பிரஷ் இருந்தது.

தப்பு என்னுடையதுதான். சில வருடங்களுக்கு முன், கனடா ரயில்வே கம்பெனி ஒன்றில் கையளவு பங்கு வாங்கிய கதையை இந்தப் பக்கத்தில் எழுதித் தொலைத்தேன். அதிலிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்குத் தங்கச் சுரங்கப் பங்கை வாங்கலாமா என்று சந்தேகம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு வங்கிப் பங்கை விற்கலாமா என்று சந்தேகம். நானோ எழுதிப் பிழைப்பவன். "பதிவு பெற்ற ஆலோசகரைப் பாருங்கள்" என்று சொல்லி நழுவிவிடுவது வழக்கம்.

அன்றும் நழுவியிருப்பேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, "எந்தக் கம்பெனி?" என்று கேட்டதுதான் வினை.

"பேர் இன்னும் சரியாத் தெரியல சார். பொட்டாஷ் எடுக்குற கம்பெனி."

பேசியவர் முருகேஸ்வரி. கோம்பையில் உரக்கடை வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. தங்கச் சுரங்கம் கேட்டவர் உண்டு, வங்கி கேட்டவர் உண்டு. உரம்? எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. அந்த வாரமே தேனியிலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

கடையில் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல், நேராகக் குடோனுக்குக் கூட்டிப்போனார். சிவப்புப் பொட்டாஷ் மூட்டை ஒன்றைப் புரட்டி, அடியில் பொடி எழுத்தைக் காட்டினார். 'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின் — கனடா.'

"இருபது வருசமா இதை விக்கிறேன் சார். போன மாசந்தான் இந்த எழுத்தைப் படிச்சேன். எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து சின்னமனூர் வாழைக்கு விழுகுது, பாருங்க."

"சரிம்மா, அதுக்காகப் பங்கு வாங்கணுமா?"

அவர் சொன்ன கணக்கு இது. உலகச் சந்தையில் பொட்டாஷ் விலை ஏறினால், அவர் கடைக்குச் சரக்கு வருவது குறைகிறது. வருகிற மூட்டையையும் விவசாயிகள் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போய்விடுகிறார்கள். அதே சமயத்தில், அதைத் தோண்டி எடுக்கும் கம்பெனிக்கு லாபம்.

"அப்ப அவுக பங்கு நம்ம கைல இருந்தா, கடையில விட்டதை அங்கன பிடிச்சுக்கலாம்ல? நான் கேக்குறது சரியா சார்?"

பெரிய கம்பெனிகளில் கோட் போட்டவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்து, பாடமாக நடத்துகிறார்கள். இந்தம்மா மூட்டையின் அடியில் படித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

பணம்? தபால் ஆபீஸில் போட்டிருந்த டெபாசிட் முதிர்ந்து கையில் இருந்தது. அதற்கு வேறொரு ஆளும் காத்திருந்தார். அவருடைய கணவர் தங்கப்பாண்டி. ராயப்பன்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் திராட்சை போட்டிருக்கிறார். அவர் டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தபடி மெதுவாகச் சொன்னார்:

"பந்தலைத் தாங்குற கல்லு ஏழெட்டு சாஞ்சு நிக்குது சார். கம்பியும் துருப்பிடிச்சுப் போச்சு. இவ கனடாவுக்கு அனுப்பணும்ங்கிறா. நீங்களாவது சொல்லுங்க."

நான் என்ன சொல்வது? இருவரையும் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செல்போனைத் திறந்தேன். பங்கு வாங்கும் என் ஆப் வழியாக டொரன்டோ சந்தையில் நேரடியாக வாங்க முடியாது. ஆனால் பெரிய கனடா கம்பெனிகள் சில நியூயார்க்கிலும் பட்டியலில் இருக்கும். அப்படி ஒரு பொட்டாஷ் கம்பெனியைத் தேடிப் பிடித்து, சந்தை திறந்த அரைமணி நேரத்தில்... வாங்கிவிட்டேன். ரயில்வேயில் போட்டதைப்போல் இரண்டு மடங்கு.

முருகேஸ்வரியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அவரோ நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் பெயரைக் கண்டுபிடித்து, அதன் ஆண்டறிக்கையைக் கோயம்புத்தூரில் படிக்கும் மகள் அனுப்பிக் கொடுத்திருந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பக்கம் பக்கமாகச் செல்போனில் தமிழாக்கிப் படித்து, சந்தேகங்களைக் குறித்து வைப்பாராம். வாரம் ஒருமுறை எனக்குப் போன் வரும்.

"சார், ஒண்ணு தெரியுமா? அவுகளும் உரக்கடை வச்சிருக்காக."

"யாரு?"

"கனடாக்காரவுகதான். தோண்டி எடுக்குறது மட்டும் இல்ல, ஊர் ஊருக்குக் கடை போட்டு உரம், விதை, மருந்து எல்லாம் விக்கிறாக. நம்மளை மாதிரியேதான் சார்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் எழுத முடியாது. உலகத்தின் மறுகோடியில் தன் தொழில்காரரைக் கண்டுபிடித்த சந்தோஷம். பங்கு, லாபம் எல்லாம் அந்த நிமிடம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குத் தோன்றாத காரியம். முதலீட்டாளர்கள் கேள்வி கேட்பதற்கென்றே அந்தக் கம்பெனி ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தது. மகளை இங்கிலீஷில் எழுதச் சொல்லி, அதற்கு ஒரு கேள்வி அனுப்பினார். உங்கள் கடைகளில் விவசாயி அரை மூட்டை கேட்டால் பிரித்துக் கொடுப்பீர்களா?

நான் சிரித்தேன். பதில் வராது என்றேன்.

நாலாவது நாள் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். பெரும்பாலும் மூட்டையில் விற்பதில்லை, விவசாயிகள் லாரிக்கணக்கில் உதிரியாக வாங்குகிறார்கள், இந்தியாவுக்கும் கப்பலில் உதிரியாகத்தான் போகிறது, அங்கே துறைமுகத்தில் மூட்டை பிடிக்கிறார்கள் — இதுதான் சாரம்.

முருகேஸ்வரி போனில் பதிலைச் சொல்லிவிட்டு மூட்டைக் கணக்குக்கு வந்தார்.

"அப்ப இந்த மூட்டை அவுக மூட்டையே இல்ல சார். தூத்துக்குடி மாதிரி எங்கயோ தச்சது. நம்ம கடைக்கும் அவுக லாபத்துக்கும் நடுவுல இன்னும் எத்தனை பேர் இருக்காகன்னு எனக்குத் தெரியல. தெரியாம எப்படிப் போடுறது?"

பிறகு நான் எப்போதும் சொல்லும் யோசனைப்படியே அவரும் நடந்தார். மதுரையில் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவருக்குக் கட்டணம் கட்டி, கணவனும் மனைவியும் வீடியோ காலில் பேசினார்கள். ஆசைப்பட்டு நானும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வங்கி மூலம் பணம் அனுப்பும் முறை, டிவிடெண்ட் என்னும் லாபப் பங்கில் கனடாவிலேயே பிடித்துக்கொள்ளும் வரி, டாலர் ஏறி இறங்கும் ஆபத்து — எல்லாவற்றையும் ஆலோசகரான அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். கடைசியில் கேட்டார்:

"கம்பெனி இருக்கட்டும்மா. இந்தப் பணம் உங்களுக்கு எப்ப வேணும்?"

முருகேஸ்வரி கணவரைப் பார்த்தார். தங்கப்பாண்டி செல்போனைப் பார்த்தே பதில் சொன்னார்.

"ஆடிக் காத்துக்கு முன்னாடி வேணும்மா. பந்தல் சாஞ்சா கொடி போயிரும். மறுபடி வச்சுக் காய்ப்புக்குக் கொண்டுவர வருசக்கணக்காகும்."

"இதை ஏன் இம்புட்டு நாளா இப்படிச் சொல்லல?" என்றார் முருகேஸ்வரி.

"கல்லு சாஞ்சிருக்குன்னு தினமும் சொன்னேன்ல?"

"கல்லுன்னுதான் சொன்னீக. கொடி போயிரும்னு சொன்னீகளா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆலோசகரும் திரையில் காத்திருந்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பந்தலுக்கே பணம் போனது. புதுக் கல், புதுக் கம்பி. போன வாரம் போய்ப் பார்த்தேன். காற்று ஆரம்பித்துவிட்டது. மேற்கே மலையிலிருந்து இறங்கி வந்து தோட்டத்தையே உலுக்குகிறது. பந்தல் அசையவில்லை. தங்கப்பாண்டி ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காட்டிக்கொண்டே நடந்தார். முருகேஸ்வரி கொடியடியில் நின்று, அடுத்த வருடம் மிச்சம் பிடித்தால் இரண்டு பங்காவது வாங்க வேண்டும், அதற்குள் அறிக்கையைப் படித்து முடித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நான் வாங்கியதைச் சொன்னேன். வாங்கியதிலிருந்து அது இறங்குமுகமாகவே இருப்பதையும் சொன்னேன்.

"எதுக்கு சார் வாங்குனீக?"

"நீங்க சொன்னதைக் கேட்டுத்தான்."

"நான் எங்க சார் சொன்னேன்? நான் கேட்டேன்."

உண்மைதான். அன்று குடோனில் அவர் பேசியதெல்லாம் கேள்வியாகத்தான் முடிந்தது. நான்தான் அதை யோசனையாக எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். எத்தனை பேருக்கு 'ஆலோசகரைப் பாருங்கள்' என்று புத்தி சொன்னவன்...

"சரி, இப்ப விக்கலாமா, வச்சிருக்கலாமா?" என்றேன். இதுவரை என்னிடம் வந்துகொண்டிருந்த கேள்வி, முதல் தடவையாக என் வாயிலிருந்து வந்தது.

முருகேஸ்வரி யோசித்துத்தான் சொன்னார்.

"எதுக்கு வாங்குனோம்னு தெரிஞ்சாத்தான சார், எப்ப விக்கணும்னு தெரியும்?"

இன்னும் விற்கவில்லை. வாங்கியதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.