பத்து நாற்காலி, பத்து 'வாரேனுங்க'

போன ஞாயிறு மாலை, சரியாக நாலு பத்து. எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் வட்டமாகப் பத்து நாற்காலி. நடுவில் கையில் பலூனோடு என் மகள் கவிதா. ஓரமாக, மார்க் போட வந்த பயிற்சி ஆசிரியை. நாலு மணிக்கே வரவேண்டிய பெரியவர்கள்? ஒருவரும் இல்லை!

எம்.காம். முடித்தவள், பேங்க் பரீட்சை வேண்டாமென்று ஒரு கோர்ஸில் சேர்ந்தாள். முதியோர் இல்லங்களில் விளையாட்டு, பாட்டு, கைவேலை என்று பெரியவர்களின் பொழுதைக் கலகலப்பாக்கும் வேலைக்கான படிப்பு. "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்ட அம்மாதான் நான். தொண்டாமுத்தூர் பக்கம் ஓர் இல்லத்தில் வேலை தயார்... பெரியவர்களை விளையாட வைத்துக் காட்டும் இந்தக் கடைசித் தேர்வில் பாஸானால்.

ஆள் கூப்பிடும் பொறுப்பு என்னுடையது. வீடு வீடாகப் போனேன். பத்துப் பேரும் சிரித்த முகமாகச் சொன்னார்கள் - "வாரேனுங்க!"

நம்ம ஊரில் யார் முகத்துக்கு நேரே 'வரமாட்டேன்' என்கிறோம்? நானே எத்தனை காதுகுத்துக்கு 'வாரேனுங்க' சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்!

நாலு இருபது. போன் போட்டேன்.

"கிணத்துக்கடவுல ஒரு விசேசமுங்க அம்மணி, மறந்துபோட்டேன்" என்றார் ஒருவர். மற்றவர்கள் எடுக்கவேயில்லை.

"நான் உட்காரட்டுங்களா?" என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

"வீட்டாளுக கணக்குல வராதுங்க. வெளியாளு ஒருத்தர் வந்தாலும் போதும். நாலே முக்கால் வரைக்கும் பாக்கறனுங்க. இல்லாட்டி அடுத்த பேட்ச்தான்."

அடுத்த பேட்ச் ஆறு மாதம் கழித்து. அதுவரை வேலை காத்திருக்குமா?

கவிதா பலூனைத் தானே தட்டி, தானே பிடித்தாள்.

"அம்மா, நீ மேல போ. நீ பாத்துட்டு நின்னா எனக்கு அழுகாச்சி வந்துரும்."

போகவில்லை. படிக்கட்டு ஓரமாக மறைந்து நின்றேன். என் மகளை அவ்வளவு தனியாக நான் பார்த்ததே இல்லை. அந்தப் பத்து நாற்காலி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நாலு நாற்பது. படியில் செருப்புச் சத்தம். மூன்றாம் மாடி பழனிசாமி. மனைவி இறந்துபோனதிலிருந்து வெளியே தலைகாட்டாதவர். இவர் எங்கே வரப்போகிறார் என்று, அவர் கதவை மட்டும் நான் தட்டவில்லை.

முதல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, உட்காராமல் நின்றார்.

"அரை மணி நேரமா பால்கனில நின்னு பாத்துட்டிருந்தனுங்க அம்மணி. என்னையத்தான் யாரும் கூப்புடலீங்க... இருந்தாலும் வந்துபோட்டேன்" என்றவர், கவிதாவின் பக்கம் திரும்பினார்.

"வெளையாட்டுல சேத்திக்குவியா கண்ணு?"