கடைசி வீட்டுச் சிவப்பு அட்டை

நீர்மானி வாசிக்கிறவளைக் கண்டு மகிழ்ந்த ஒரு வீட்டையும் எனக்கு ஞாபகம் இல்லை. படலையைத் திறந்தால் நாய் குரைக்கும். நாய் இல்லாத வீட்டில் ஆட்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வார்கள். வன்னியில் ஒரு சிறு நகரம். குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிற அலுவலகத்தில் எனக்கு வேலை. மாதம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டு மானியையும் குனிந்து பார்த்து, இலக்கத்தைப் புத்தகத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான் என்று வேலைக்குச் சேரும்போது சொன்னார்கள்.

நான் சொல்லப்போகிற கோடையில் கச்சான் என்கிற மேல்காற்று வைகாசிக்கு முன்னமே தொடங்கிவிட்டது. புழுதியைத் தவிர அது எதையும் கொண்டுவரவில்லை. குளம் இறங்கி, நடுவில் பட்டமரங்கள் தெரிய ஆரம்பித்தன. அலுவலகம் இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. ஒன்று, தெருவிலிருந்து பிரிகிற ஒவ்வொரு ஒழுங்கைக்கும் இரண்டு நாளுக்கு ஒரு முறை, காலையில் சில மணி நேரம் மட்டும் தண்ணீர். மற்றது, ஒரு வீடு மாதத்துக்கு இவ்வளவுதான் பாவிக்கலாம் என்று ஓர் அளவு. மீறினால் படலையில் சிவப்பு அட்டை. அடுத்த மாதமும் மீறினால் இணைப்பை மூடி, மழை வரும்வரை முத்திரை வைப்பது. பிறகு அவர்கள் சந்திக்கு வருகிற தண்ணீர் வண்டியில், பவுசரில்தான் பிடிக்க வேண்டும்.

எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. அதை ஒளிக்கப் போவதில்லை. குழாயில் மோட்டரைப் பூட்டி ஒழுங்கைத் தண்ணீரை எல்லாம் உறிஞ்சுகிறவர்களையும், ஊரே காய்ந்து கிடக்கப் பூமரத்துக்குக் குழாய் பிடிக்கிறவர்களையும் வருடக்கணக்காகப் பார்த்து வயிறெரிந்தவள் நான். இனி ஆள் பார்த்து அல்ல, இலக்கம் பார்த்துத்தான் நடவடிக்கை என்று பொறுப்பதிகாரி சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் மாத வாசிப்பிலேயே என் சொந்தச் சின்னம்மா வீட்டுப் படலையில் சிவப்பு அட்டையைக் கட்டினேன். அவர் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். அதையும் ஒரு பெருமையாகத்தான் வைத்துக்கொண்டேன்.

அந்த அட்டைகளில் ஒன்று ஓர் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போனது. ஒழுங்கை அங்கே போய்ச் சிறு மேடாக முடியும். அந்த வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். விடியற்காலையில் இடியப்பம் அவித்து இரண்டு தேநீர்க் கடைகளுக்குக் கொடுப்பார். அந்த வருமானத்தில்தான் சீவியம். அந்த மாதம் அவரது மானி, ஒழுங்கையிலேயே அதிக பாவனை அவருடையது என்று காட்டியது.

நான் அட்டையைக் கட்டும்போது அவர் நடந்து படலைவரை வந்தார். வர நேரமெடுத்தது.

"தங்கச்சி, எனக்கு ரெண்டு வாளி தண்ணிகூட ஒழுங்கா வாறேல்லை. நான் என்னெண்டு கூடப் பாவிக்கிறது?"

"மீற்றர் ஓடியிருக்குதக்கா."

"காத்துத்தான் வருது. புஸ் புஸ் எண்டு காத்து வந்து, பிறகுதான் கொஞ்சம் தண்ணி வரும்."

அன்றைக்கு மட்டும் அவர் ஒன்பதாவது ஆள். தண்ணீர் வரவில்லை என்று சொல்லாதவர் எவருமில்லை. மோட்டர் வைத்திருந்த கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் அக்கா" என்றேன். புத்தகத்தின் குறிப்புப் பகுதியில் இப்படி எழுதினேன்: தண்ணீர் வரவில்லை என்கிறார். மானி சரியாக ஓடுகிறது.

அடுத்த மாதம் இலக்கம் இன்னும் கூடியிருந்தது. குழாய் வேலை செய்கிற அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மானிக்கு முன்னால் இருந்த திருகை மூடி, கம்பி கோத்து, முத்திரை வைத்தார். அந்த அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை பிடிக்கவில்லை. வேலை முடிந்ததும், "வெயிலுக்கை வந்திருக்கிறியள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். அண்ணை என்னைப் பார்த்தார். நேரமில்லை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அதற்குப் பிறகு அவரைப் பவுசர் வரிசையில் காண்பேன். கையில் இரண்டு சின்னத் தண்ணீர்க் கான்கள். பெரிய கானை அவரால் தூக்க முடியாது. வரிசை நகராத நேரத்தில் ஒரு கானைக் கவிழ்த்து அதன்மேல் இருப்பார். ஒருநாள் கண் சந்தித்துவிட்டதால் வேறு வழியின்றி நிறுத்தி, எப்படி என்று கேட்டேன்.

"இடியப்பம் அவிக்கிறதை நிப்பாட்டிட்டன். இந்தத் தண்ணி குடிக்கவும் கழுவவும்தான் காணும்" என்றார். "மழை வரட்டும், திருப்பித் தொடங்குவம்."

கடைகள் அதுவரை காத்திருக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். மனம் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோடையில் எதற்குத்தான் மனம் கேட்டது? இரவில் குனிந்த முதுகும் நாரியும் நிமிராமல் படுப்பேன். வீட்டில் எங்களுக்கும் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர்.

அதற்கடுத்த மாத வாசிப்பில் ஒரு புதினமான சங்கதி. அதே ஒழுங்கையில் கடைசி வீட்டுக்கு முந்திய வீடு, ஓய்வுபெற்ற ஒரு கணித வாத்தியாருடையது. ஒரு வாளி தண்ணீர் பிடித்தால் கொப்பியில் ஒரு கோடு போடுகிற மனிதர். அவ்வளவு காலமும் ஒழுங்காக இருந்த அவரது மானி எகிறியிருந்தது. சிவப்பு அட்டையை நீட்டினேன். வாங்கி வாசித்தார். கோபப்படவில்லை. கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார்.

"நீங்கள் எழுதினதும் பிழையில்லை, நான் எழுதினதும் பிழையில்லை" என்றார். "அப்ப நடுவிலை ஏதோ இருக்கு. நாளைக்கு எங்கட முறை. விடிய வந்து இதிலை இருந்து பாருங்கோ."

போனேன். உண்மையில், அவர் பிழையென்று காட்டி வாயை அடைக்கலாம் என்றுதான் போனேன். மானிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார். முற்றத்துக் குழாய் முழுதாகத் திறந்து கிடந்தது. அதன் கீழே ஒரு தகர வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. முறைத் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று எவருக்கும் தெரியாது. குழாயைத் திறந்து வாளியைக் கவிழ்த்து விட்டால் முதல் துளி விழும்போது தகரம் சத்தம் போடும். குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாலும் கேட்கும். ஓடிவந்து வாளியை நிமிர்த்திப் பிடிக்கலாம். நானும் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன்.

ஆறரை இருக்கும். குழாய் சீறியது. தண்ணீர் இல்லை, வெறும் காற்று. என் கண் மானிக்குப் போனது. உள்ளே இருந்த சிறு சக்கரம் விசர் பிடித்ததுபோல் சுழன்றது. இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டன. வாளியின்மேல் ஒரு துளிகூட விழவில்லை. அப்படியே நெடுநேரம் போனது. பிறகு குழாய் இருமி, கலங்கல் தண்ணீர் வந்து, தகரத்தில் விழுந்தது. தண்ணீர் வந்த பிறகு சக்கரம் மெதுவாக, மரியாதையாகச் சுழன்றது. இரண்டரை வாளி நிறைந்ததும் ஒழுங்கையின் முறை முடிந்துவிட்டது.

தண்ணீர் நிற்கிற நாளில் குழாய்கள் வெறுமையாகிக் காற்றால் நிரம்பும். அடுத்த முறை தண்ணீர் வரும்போது அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். முன்வீடுகளில் கொஞ்சம் போகும். மிச்சம் முழுவதும் கடைசியில், உயரத்தில், திறந்து கிடக்கிற குழாயால்தான் வெளியேற வேண்டும். காற்றா தண்ணீரா என்று மானிக்குத் தெரியாது. கடைசி வீட்டை நான் மூடியதும் வாத்தியார் வீடு கடைசி வீடாகிவிட்டது.

நான் வட்டக்கச்சியில் வயற்காரர் வீட்டில் பிறந்தவள். எங்கள் காணி வாய்க்காலின் கடைசிக் காணி. மேற்காணிகள் குடித்து முடித்த பிறகு வருகிற தண்ணீருக்காக மண்வெட்டியோடு வரம்பில் நின்று வளர்ந்தவள். கடைசியில் இருக்கிறவனுக்கு என்ன வந்து சேரும் என்று எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அக்கா முதல் நாளே காற்று என்று சொன்னார். நான் அதைப் பிசகில்லாத கையெழுத்தில் தட்டிக்கழித்திருந்தேன்.

அன்றைக்கே பொறுப்பதிகாரியிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. அவரது மேசையில் முறைப்பாடுகள் அடுக்கியிருந்தன, கண்கள் சிவந்திருந்தன. முழுவதையும் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது சரியாத்தான் இருக்கும்" என்றார். "ஆனால் ஒண்டைத் திறந்தால் நாளைக்கு எல்லாரும் காத்து எண்டு வந்து நிப்பினம். மோட்டர்காரனும் வருவான். எந்த முத்திரையைத் திறக்கிறது, எதை விடுறது?"

"அந்த அக்காவின்ரை மட்டும் எனக்குத் தெரியும் சேர். அது என்ரை பிழை."

"அப்ப அவாவை ஒரு கடிதம் குடுக்கச் சொல்லுங்கோ. மேலை அனுப்புவம். மானியைச் சோதிக்க ஆள் வரும்."

கடிதத்தை நானே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினேன். காற்றுப் பற்றிச் சொன்னேன். என் பிழை என்றும் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சரி, பாப்பம்" என்றார்.

சோதிக்க ஆள் வர மூன்று கிழமை பிடித்தது. வந்தவர் மானியைக் கழற்றிக்கொண்டு போய், அலுவலக மேசையில் வைத்து, அளந்த தண்ணீரை அதனூடாக விட்டுப் பார்த்தார். மானியில் பழுதில்லை என்று எழுதினார். பழுது இருக்கவில்லைதான். காற்றை விட்டுப் பார்க்கும்படி அவருக்கு எவரும் சொல்லவில்லை. நான் சொன்னேன், அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார். மானியைத் திரும்பப் பூட்டி, புது முத்திரையும் வைத்துவிட்டுப் போனார்.

அந்த முத்திரையை அறுக்க ஒரு குறடு போதும். என் பையில் குறடு எப்போதும் இருக்கும். அதே பையில் என் அடையாள அட்டையும் இருந்தது. என் வேலையில்தான் எங்கள் வீட்டு உலை கொதிக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த ஒழுங்கையின் கடைசிவரை போகாமல் வாத்தியார் வீட்டோடு திரும்பினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு கிழமை விடாமல் பெய்தது, குளம் எழும்பியது, கட்டுப்பாடுகள் நீங்கின. எல்லா முத்திரைகளையும் வெட்டச் சொல்லி அறிவித்தல் வந்தது. மோட்டர்காரனுக்கும் அன்றுதான், அந்த அக்காவுக்கும் அன்றுதான். சட்டம் எல்லாருக்கும் ஒன்றாகவே முடிந்தது.

குழாய் வேலை செய்கிற அண்ணையோடு போனேன். கடைகள் இரண்டும் வேறு ஆளிடம் இடியப்பம் எடுக்கத் தொடங்கியிருந்தன என்று வழியில் அவர் சொன்னார். கடைசி வீட்டு முற்றம் ஈரமாக இருந்தது. கூரைத் தண்ணீரில் நிரம்பிய பரல் ஒன்று வழிந்துகொண்டிருந்தது. திறந்தே கிடந்த குழாயின் கீழே அவருடைய தகர வாளி, முத்திரை வைத்த நாளில் கவிழ்த்தபடியே கிடந்தது. அண்ணை கம்பியை வெட்டித் திருகைத் திறந்தார். இணைப்பைத் திறந்தவுடன் மானியின் இலக்கத்தை எழுத வேண்டும், அதிலிருந்துதான் புதுக் கணக்கு என்பது விதி. புத்தகத்தை விரித்துப் பேனாவை எடுத்தேன்.

மாதக்கணக்காக மூடிக் கிடந்த குழாய் சீறியது. சக்கரம் சுழன்றது. அந்த அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, மானியைப் பார்த்தார். பிறகு என் பேனாவைப் பார்த்தார்.

"இதையும் எழுதுவியளோ, தங்கச்சி?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை. தெரியாமல்தான் கேட்டார்.

புத்தகத்தை மூடினேன். தகரத்தில் தண்ணீர் விழுந்து, அவர் மெல்லக் குனிந்து வாளியை நிமிர்த்தி, அது நிறையும்வரை நான் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை.