பூங்கா பெஞ்சில் ஓர் இடம்

சாயங்காலம் ஆறு இருபதுக்குப் பூங்கா ரேடியோ நின்றுபோனது. ஆறரைக்கு மாநிலச் செய்தி. கூலித் தகராறில் அறுவடை நின்று, முற்றிய கதிர் வயலிலேயே சாய்ந்துகொண்டிருந்தது. அரசு புதுக் கூலியை அன்றைக்கு அறிவிக்கும் என்று பாபநாசமே காத்திருந்தது.

எங்கள் பூங்காவில் ஒரு வழக்கம். ரேடியோவைச் சுற்றியிருந்த சிமெண்ட் பெஞ்சுகளில் மிராசுதார்கள் உட்காருவார்கள். வயல்வேலை செய்பவர்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்பார்கள். வாசற்கதவு திறந்தேதான் கிடக்கும். யாரும் தடுத்ததில்லை, யாரும் நுழைந்ததுமில்லை. அன்று மிராசுதார்கள் எல்லோரும், அப்பாவும்தான், வக்கீல் வீட்டில் கூடியிருந்தார்கள். பெஞ்சுகள் காலி. வேலிக்கு வெளியே நிற்க இடமில்லை.

பூங்காவுக்கு எதிரே இருந்த எங்கள் வீட்டிலிருந்து அப்பாவின் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. உதவும் எண்ணமெல்லாம் இல்லை. புது ரேடியோவை ஊருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இன்று என் மகள் டியூஷனிலிருந்து சற்றுத் தாமதமாக வந்தாலே நான் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுகிறேன். அன்று கொதித்துப்போயிருந்த அந்தக் கூட்டத்துக்கு நடுவே நான் தனியாகப் புகுந்து போனேன்.

நடு பெஞ்சில் ஏறி நின்று ரேடியோவைத் திருகினேன். அதன் குரல் வேலிவரைகூடப் போகவில்லை.

“ஒண்ணும் கேக்கல பாப்பா!”

“அங்க நின்னா எப்படிக் கேக்கும்? உள்ள வாங்க!”

ஒருவரும் அசையவில்லை. எங்கள் வயலில் வேலை பார்த்த பெரியவர், “அப்பா வந்தா உன்னத் திட்டுவாரு, வீட்டுக்குப் போம்மா” என்றார்.

இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு அக்கா சிரித்தாள். “ரேடியோ வெளில வராதாம். நாமதான் போகணும்போல.” சொல்லிவிட்டு, அவள்தான் முதலில் கதவைத் தாண்டினாள்.

பிறகு மடைதிறந்ததுபோல எல்லோரும் வந்தார்கள். முதலில் புல்லில் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் பெஞ்சுகளிலும். ரேடியோவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். கூலி உயர்ந்தது என்று முதல் வரியிலேயே சொன்னார்கள். எழுந்த ஆரவாரத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் கலைந்து பறந்தன. அந்த அக்கா என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். அத்தனை கைதட்டலும் எனக்குத்தான் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர் என் அப்பா என்பது எனக்குப் புரியவில்லை.

சட்டென்று சத்தம் அடங்கியது. வாசலில் அப்பா.

நடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் பதறி எழப்போனார். அப்பா அவர் தோளில் கைவைத்து உட்கார்த்தினார். என்னையும் ரேடியோவையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பெரியவரிடம் சொன்னார்:

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மிச்சத்த நானும் கேக்கணும்.”