முன்வரிசையில் அசையாமல் இருந்த ஏழு பேர்

சுடச்சுட வந்து விழும் பெட்சீற்றின் மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது... சவர்க்காரமும் நீராவியும் கலந்த மணம். ஒஸ்லோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கிற தொழிற்சாலை. ஒரு பெட்சீற்றுக்கு இரண்டு பேர். இந்த முனையில் நான், அந்த முனையில் பெரிவான்.

இழு, மடி, கிட்ட வா, முனையைக் கொடு... காலை ஏழிலிருந்து பின்னேரம் மூன்று வரை இதுதான். பெரிவான் குர்திஷ்காரி. மடிப்புக்கு ஏற்ற தாளத்தில் பாடிக்கொண்டேயிருப்பாள். மெஷின் சத்தத்துக்கு மேலால் அந்தக் குரல் கேட்கும். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் அடிவயிற்றிலிருந்து எழும்பி வரும். அவள் லீவு எடுத்த நாளில் எனக்கு மடிப்புக் கோணும். உண்மையாகத்தான்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை நோர்வே பாஷை. அவள் சொன்னதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், எனக்கு வேறு வழி தெரியாது.

அவளுடைய அப்பா ஊரில் பெரிய பாட்டுக்காரராம். வாத்தியம் ஒன்றும் இல்லாமல், கதிரையில் இருந்து, ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு நீண்ட கதைப்பாட்டுகள் பாடுவாராம். தங்கள் மொழியில் பாடினாலே பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிற காலம். கதவையும் ஜன்னலையும் பூட்டிவிட்டுத்தான் பாட்டு. சண்டைக்குள் இருந்து வந்த எனக்கு அதையெல்லாம் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மனிசன் ஒருநாளும் மேடை ஏறாமலே போய்விட்டார்.

"அந்தப் பாட்டை ஒரு சபையிலை பாடி முடிக்கவேணும், வசந்தி. ஒருக்காப் போதும்" என்பாள்.

பாட இடமில்லாமல் இல்லை. சனி ஞாயிறு தவறாமல் கலியாண வீடுகள். ஆனால் அவர்களுக்குக் கலியாணப் பாட்டு என்றால் ஆட்டம்தான். சுண்டுவிரலோடு சுண்டுவிரலைக் கோத்து வரிசையாக எழும்பிவிடுவார்கள். அவள் அப்பாவின் பாட்டைத் தொடங்கி இரண்டு அடி போகமுதல், "ஆடுற பாட்டாப் பாடு" என்று யாராவது கத்துவார்கள். மேளம் தொடங்கிவிடும்.

"இந்தமுறையும் முடிக்கேல்லை" என்பாள் திங்கட்கிழமை. அவள் சொல்லமுதலே, பெட்சீற்றை இழுக்கிற இழுவையில் எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு மார்ச் மாதம், அவர்களுடைய வருசப்பிறப்பு விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டாள். அப்போது நாங்கள் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா பக்கம் இருந்தோம், மண்டபம் நடக்கிற தூரம். நானும் இவரும், மகன், மகள், பக்கத்து வீட்டுக் குமாரண்ணை குடும்பத்தில் மூன்று பேர்... மொத்தம் ஏழு. நாங்கள் பட்டுச்சேலை, இவர் கோட்டும் சூட்டும். முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் இருந்துவிட்டோம்.

பெரிவான் பாடத் தொடங்கினாள். முழு மண்டபமும் எழும்பி ஆடியது.

நாங்கள் மட்டும் எழும்பவில்லை. அரங்கேற்றங்களுக்குப் போய்ப் பழகின ஆட்கள். பாடகி பாடிக்கொண்டிருக்க எழும்பினால் மரியாதையில்லை என்ற நினைப்பு. "அசையாமல் இருங்கோ, அன்ரி பாடுறா" என்று இவர் பிள்ளைகளின் தொடையைப் பிடித்து இருத்தினார். மகனுக்குக் காலெல்லாம் துடித்தது, பாவம்.

விழாக்காரர் ஒருவர் குனிந்து, "பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"நல்லாப் பிடிச்சிருக்கு" என்று இவர் இன்னும் நிமிர்ந்து இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேளக்காரர் தேத்தண்ணி குடிக்க இறங்கினார். சனமும் பின்பக்கம் போய்விட்டது. இடைவேளை என்றுகூட எங்களுக்கு விளங்கவில்லை. கதிரையில் மிஞ்சினது நாங்கள் ஏழு பேர்தான்.

பெரிவான் எங்களைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கையைக் காதில் வைத்தாள்.

அப்பாவின் பாட்டு...

எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் கண்ணால் தண்ணீர் ஓடியது. இவரும் மூக்கை உறிஞ்சினார், தடிமன் என்று பிறகு சொன்னார். பின்னாலிருந்து ஒவ்வொருவராகத் தேத்தண்ணிக் கிளாசோடு வந்து நின்றார்கள். ஒரு வயதான மனிசர் முதலில் கதிரையில் இருந்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும் இருந்தார்கள். மேளக்காரர் வந்து குச்சியைத் தூக்க, அந்த மனிசர் கையைக் காட்டி மறித்துவிட்டார். அவள் கடைசி அடிவரை பாடினாள்.

திங்கட்கிழமை, பெட்சீற்றின் அந்த முனையிலிருந்து கேட்டாள். "ஏன் நீங்கள் ஒருத்தரும் ஆடேல்லை?"

"நீ பாடேக்கை எப்பிடி எழும்புறது? மரியாதையில்லை எல்லோ."

அவள் சிரித்த சிரிப்பில் பெட்சீற் நிலத்தில் விழுந்தது. "உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன். பிறகு பாத்தால், எல்லாரும் போக நீங்கள் மட்டும் இருக்கிறியள். இவையள் எழும்பிப் போகமாட்டினம், இவையளுக்குப் பாடலாம் எண்டு தொடங்கினன்."

அன்றைக்கு யாரோ பதிந்த கசற் கைக்குக் கை மாறி, சுவீடனுக்கும் ஜெர்மனிக்கும் போனது. அங்கேயிருந்து அழைப்புகள் வந்தன. ஒருநாள் வேலையை விட்டுவிட்டாள். பிறகு சீடிகள், மேடைகள். ஒவ்வொன்றிலும் ஆட்டப் பாட்டுகளுக்கு நடுவில் மேளம் இல்லாத நீண்ட பாட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். அதை எடுத்துவிடச் சொன்ன இடத்துக்கு அவள் போகவேயில்லை. தலைக்கனம் என்று கதைத்தவர்களும் உண்டு. எனக்கு அவளுடைய அந்தப் பிடிவாதம்தான் பெருமை.

போன மாதம் ஒஸ்லோவிலேயே ஒரு பெரிய அரங்கத்தில் பாடினாள். மகள் ரிக்கற் எடுத்துத் தந்தாள், இப்போது இருக்கிற மோர்டென்ஸ்ருட்டிலிருந்து தனியாக ரயிலில் போனேன். முன்வரிசை. பெரிவானுக்குத் தலை நரைத்துவிட்டது. அதே கதிரை, காதில் கை... நூற்றுக்கணக்கான சனம் மூச்சுக்காட்டாமல் இருந்து கேட்டது. அன்றைக்கு ஏழு பேர். நினைக்க நெஞ்சு நிறைந்துபோனது.

பாட்டு முடிய, மேளம் தொடங்கியது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நேரே என்னைப் பார்த்தாள்.

"முன்வரிசை... இனி எழும்பலாம்."

முழங்கால் நோவோடு எழும்பினேன். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பிள்ளை சுண்டுவிரலை நீட்டினாள். நானும் கோத்துக்கொண்டேன்.

இவர் காலமாகி மூன்று வருடம். இருந்திருந்தால் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்திருப்பார்... "அவா இன்னும் பாடி முடிக்கேல்லை, இரும்" என்று.