உறை கழற்றாத கதிரைகள்

மாத்தளைப் புடவைக்கடை ஒன்றில் நான் சீனியர் சேல்ஸ் கேர்ளாக இருந்தபோது, வேலை நேரத்தில் யாரும் உட்காரக்கூடாது. "உக்காந்தா வியாபாரமும் உக்காந்துடும்" என்பார் முதலாளி. எங்கள் மூவரில் மலர் ஏழு மாதக் கர்ப்பிணி. எல்கடுவவிலிருந்து பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருவாள். ஒருநாள் சேலை மடித்துக்கொண்டிருந்தவள் கவுண்டரைப் பிடித்தபடியே சரிந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மத்தியானமே லேபர் கந்தோருக்குப் போய்ப் புகார் சொன்னேன்.

"கடையில வேல செய்ற பொம்பளைங்களுக்கு உக்காரக் கதிர போடணும்னு சட்டத்துலயே இருக்கும்மா. ஒபிசர் வந்து பாப்பாரு" என்றார்கள்.

அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். மறுநாளே மூன்று கதிரைகள் வந்தன, பொலித்தீன் உறையோடு. "உறையக் கழட்டாதீங்க. ஒபிசர் வந்தா நான் இருமுவேன். அப்ப உக்காந்தா போதும்" என்றார். மனிதருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்!

அந்த வாரமே கண்ணாடி போட்ட ஒருவர் கையில் ஃபைலோடு நுழைந்தார். முதலாளி இருமினார். நாங்கள் மூவரும் சரசரவென்று உட்கார்ந்தோம்.

"ஜன்னலுக்குத் திரை போடக் கேட்டன் துணி காட்டுங்க" என்றார் வந்தவர்.

பழக்கதோஷத்தில் மலர் எழுந்தாள். "நீ இரு புள்ள, இரு!" என்று பதறிய முதலாளி, தானே ஏணியில் ஏறினார். பூப்போட்டது வேண்டாமாம். கோடு போட்டதும் வேண்டாமாம். இறக்க இறக்க வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். முதலாளியின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு, "மேல் தட்டுல நீலம் இருக்கு முதலாளி" என்று உட்கார்ந்தபடியே வழிகாட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் வேலை செய்ததில்லை.

கடைசியில் முதலாளி குழைந்து, "சேர் எந்தக் கந்தோர்?" என்று கேட்டார்.

"கந்தோரா? நான் கலேவெலயில புது வீடு கட்டுறேன். இந்த ஃபைல்ல இருக்குறது ஜன்னல் அளவு. எதுக்கும் கண்டியிலயும் பாத்துட்டு வாறேன்."

அவர் போனதும் முதலாளி தன் கதிரையில் தொப்பென்று விழுந்து கெண்டைக்காலைப் பிசைந்தார். "கொஞ்ச நேரத்துக்கே இப்பிடிக் கடுக்குதே!"

மலர் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். வீங்கிய பாதத்தில் செருப்பு வாரின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. முதலாளி அதையே பார்த்தார். பிறகு துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துவந்து, அவளை எழுப்பாமலே கதிரையின் உறையை வெட்டி இழுத்தார். மற்ற இரண்டையும் நானே கிழித்தேன்.

ஒபிசர் பிற்பாடு வந்தார். அன்று கடையில் யாரும் இருமவில்லை.

கடை வேலைக்குப் போகிற பிள்ளைகளே, கதிரை கிடப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். முதல் நாளே அதில் உட்கார்ந்து பாருங்கள்.