ஷாக்கைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்க்கவில்லை

பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லாதவள் நான். சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தையல் வேலைக்குப் போய்வர மகள் மவுண்டன் பைக் கேட்டாள். கையிலிருந்த காசைச் சொன்னதும், கொழும்பு புறக்கோட்டைச் சைக்கிள் கடை முதலாளி ஒளிக்காமல் சொன்னார்: “அக்கா, இந்தச் சல்லிக்கு ஷாக்கும் நல்ல பிரேக்கும் சேர்ந்து வராது. ஷாக் இல்லாத இதை எடுங்க.”

அது பழைய சைக்கிள் போலத் தெரிந்தது. முன் சக்கரத்தில் குலுக்கம் தாங்கத் தடித்த ஷாக் வைத்ததைக் காட்டினேன். மகள் அதன் பிரேக்கைப் பிடித்துவிட்டு, “அம்மா, லூசாக் கிடக்கு. ஒருக்கா ஏறி ஓடிப் பாக்கட்டே?” என்றாள்.

“சனம் பாக்குது, பேசாமல் வா” என்று சொல்லி, அதையே வாங்கினேன்.

மூன்றாம் நாள் மழை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை மரைன் டிரைவ் கடற்கரை வீதியை நோக்கிச் சரிந்து இறங்கும். மகள் வேலைக்குப் போக அதில் இறங்கியபோது பிரேக் பிடிக்கவில்லை. கீழே பஸ் வருவதைக் கண்டவள், மதிலில் மோதி விழுந்தாள். உயிர் தப்பியது. வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை, வேலையும் போய்விட்டது.

“ஷாக்குக்கு ஒண்டும் நடக்கேல்லை அம்மா” என்று ஒருநாள் சொன்னாள்.

இப்போது தெரிந்தவர்கள் சைக்கிள் வாங்கும்போது கூப்பிடாமலே கூடப் போகிறேன். முதலில் பிரேக், பிறகு டயர், மிச்சக் காசுக்குத்தான் மற்றவை. சக்கரத்தை நனைத்து, ஓடி நிறுத்திப் பார்த்த பிறகே காசு கொடுக்க விடுகிறேன். மகளுக்கு மட்டும் இன்னும் வாங்கவில்லை. அவள் கேட்கவுமில்லை.