"யாருன்னு தெரியுதா?"

என் அய்யாவுக்குக் குடல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொன்னார். கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. செல்போன் ஊருக்குள் தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருபத்துநாலு மணி நேரமும் டியூப்லைட் எரியும். தலைமாட்டில் மெஷின் கத்திக்கொண்டே இருக்கும்.

ஆயுசெல்லாம் கரிசல் காட்டில் ஆடு மேய்த்த மனுஷர் அவர், வெயிலை வைத்தே மணி சொல்லிவிடுவார். மூன்றாம் நாள் மத்தியானம் என்னிடம், "ஏலே, இன்னும் விடியலையா? ஆட்டைப் பத்தணும்லா" என்றார். மருந்து மயக்கம் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

அவர் லேசாகக் கண் மூடினால் போதும், புதூர்ப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்து நிற்கும். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்க்காத சொந்தக்காரனைச் சாகிற வரைக்கும் குத்திக்காட்டுவார்கள். வந்து பார்த்தால் மட்டும் போதாது, நோயாளி கண் திறந்து ஆளை அடையாளம் சொல்லியாக வேண்டும். "மச்சான், என்னைய யாருன்னு தெரியுதா?" என்று தோளை உலுக்குவார்கள். சொல்லிவிட்டால் திருநீறு பூசி, கையைப் பிடித்துக் கொஞ்சம் அழுதுவிட்டு, அடுத்த ஆளுக்கு வழிவிடுவார்கள்.

நர்ஸ் தடுத்தார். "பெரியவர் தூங்கட்டும் அண்ணாச்சி. கை கழுவாம யாரும் தொடக் கூடாது."

எகிறியது நான்தான். "அவிய மெனக்கெட்டு வாராவ. வந்த ஆளைத் திருப்பி அனுப்பச் சொல்லுதீங்களா?" வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஐந்தைந்து பேராக உள்ளே விட்டேன். பல தடவை அவரை எழுப்பிவிட்டதும் நான்தான்.

ஐந்தாம் நாள், "செத்த நேரம் தூங்க விடுலே" என்று கெஞ்சினார். "சித்தப்பா வந்திருக்காவ. அவிய போயிறட்டும் அய்யா" என்றேன். அன்று சாயங்காலமே காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி, கிருமி ரத்தத்தில் கலந்து, நாலே நாளில் போய்விட்டார்.

ரொம்ப வருஷம் கழித்து வேறொரு டாக்டர் சொன்னார். இரவு பகல் தெரியாமல், தூக்கமும் இல்லாமல் கிடக்கிற உடம்பு, கிருமியை எதிர்க்கத் தெம்பில்லாமல் போய்விடுமாம். அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, வயசும் இருக்கிறதே என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு விளக்கை அணைக்க அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தோன்றவில்லையே என்று இன்றும் வயிறெரிகிறது. அவர்களையாவது திட்டித் தீர்க்கலாம்.

அய்யாவை எடுத்த அன்று சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொந்தபந்தம் அம்புட்டுப் பேரு முகத்தையும் காட்டித்தானப்பா அனுப்பி வச்சிருக்கே. உன்னைய மாதிரிப் பிள்ளை யாருக்கு வாய்க்கும்?" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.